மாத்திரையும் மாவு டப்பாவும்

எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் ஒருவர் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போகிறவராக இருந்தால், அவர் வீட்டு அலமாரியில் இரண்டு வகைப் பொருள்கள் அருகருகே இருக்கும். ஒன்று, ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் இலவசமாகக் கொடுக்கும் கூட்டு மருந்து. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் என மூன்று மருந்துகளும் ஒரே மாத்திரைக்குள் அடக்கம்; நாளுக்கு ஒன்று போதும். மற்றொன்று, கைக்காசு கொடுத்து வாங்கியவை: புரோட்டீன் மாவு, கிரியேட்டின் பொடி, கால்சியம், இரவில் போட்டுக்கொள்ளும் துத்தநாகம்-மெக்னீசியம் மாத்திரை. முதலாவது மருந்து, இரண்டாவது வெறும் சத்து, சத்து என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். இந்த நினைப்பு இரண்டு பக்கமும் தவறு. எச்.ஐ.வி.யை அடக்குவதில் அந்தச் சத்துப் பொருள்களால் ஆகக்கூடியது ஏதுமில்லை. ஆனால் அதை அடக்கும் மருந்தைத் தடுப்பதிலும், ரத்தப் பரிசோதனை முடிவைக் குழப்புவதிலும் அவற்றால் நிறையவே ஆகும்.

எச்.ஐ.வி. பற்றிய பேச்சு வந்தாலே கூடவே வரும் சொல் 'நோய் எதிர்ப்புச் சக்தி'. இந்தச் 'சக்தி' என்ற சொல்தான் நம்மைத் திசை மாற்றுகிறது என்று நினைக்கிறேன். விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்றுகிறோம். அதுபோல எதிர்ப்புச் சக்தி குறைந்தால் ஊட்டம் கொடுத்து ஏற்றிவிடலாம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அப்படி அளந்து ஊற்றக்கூடிய சரக்கு எதுவும் உடம்பில் இல்லை. இருப்பவை பல வகை வெள்ளையணுக்கள், அவற்றில் சி.டி.4 அணுக்கள் மற்றவற்றைத் தட்டியெழுப்பி வேலை வாங்குபவை. எச்.ஐ.வி. இவற்றின் மேல் இருக்கும் சி.டி.4 என்ற புரதத்தையே பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதிக்கொள்கிறது, பிறகு இன்டெக்ரேஸ் என்ற நொதியின் உதவியால் அந்த டி.என்.ஏ.வை அணுவின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் தைத்துவிடுகிறது. அதன் பிறகு அந்த அணுவுக்கும் வைரஸுக்கும் விதி ஒன்றுதான். அணு ஓய்ந்து கிடந்தால் வைரஸும் பெரும்பாலும் ஓய்ந்து கிடக்கும். ஏதோ ஒரு கிருமியை எதிர்க்க அணு கிளர்ந்தெழுந்தால், வைரஸும் அதே வேகத்தில் நகலெடுக்கத் தொடங்கும். சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாளொன்றுக்குச் சராசரியாக 1,000 கோடி வைரஸ் துகள்கள் உருவாகின்றன என்று 1996-இல் டேவிட் ஹோ, ஆலன் பெரெல்சன் முதலானோர் கணக்கிட்டார்கள். எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடுவது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்: உசுப்பப்படும் அணுவே வைரஸ் பெருகும் இடம்.

அணுக்களின் எண்ணிக்கையை மட்டுமாவது கூட்டினால் பலன் இருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். இன்டர்லூக்கின்-2 என்ற பொருள் சி.டி.4 அணுக்களைப் பெருக வைக்கும். கூட்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அதையும் ஊசியாகப் போட்டு, மற்றவர்களோடு பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எஸ்பிரிட், சில்காட் என்ற அந்த இரண்டு ஆய்வுகளிலும் சேர்த்து 5,800-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றார்கள். முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. சி.டி.4 எண்ணிக்கை தெளிவாகவே கூடியிருந்தது. ஆனால் எய்ட்ஸ் நிலைக்குரிய தொற்றுகளோ இறப்போ குறையவில்லை. 2015-இல் முடிவு வெளியான ஸ்டார்ட் ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சி.டி.4 எண்ணிக்கை 500-க்கு மேல் இருந்த 4,685 பேர் அதில் சேர்ந்தார்கள். எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல் உடனே கூட்டு மருந்து தொடங்கியவர்களிடம் கடும் நோயும் இறப்பும் 57 சதவீதம் குறைந்திருந்தன. நேரடியாக அணுவைக் கூட்டியபோது கிடைக்காத பாதுகாப்பு, வைரஸின் வாயை அடைத்தபோது கிடைத்தது. மிகவும் சக்திவாய்ந்த ஒரு மருந்துப் பொருளே எண்ணிக்கையைக் கூட்டியும் உயிரைக் காக்கவில்லை என்றால், 'இம்யூனிட்டி' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட டப்பாவிடம் எதை எதிர்பார்ப்பது?

இதற்கு வரும் வலுவான மறுப்பு ஊட்டச்சத்துக் குறைவு பற்றியது. பசியும் சத்துக்குறைவும் உள்ள இடத்தில் எச்.ஐ.வி. வேகமாக முற்றும் என்பது உண்மை. அதை மறுப்பவன் நான் இல்லை. தான்சானியாவில் தொற்றுள்ள 1,078 கர்ப்பிணிப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2004-இல் வெளியானது. பி-கூட்டு, சி, இ ஆகிய வைட்டமின்களை அதிக அளவில் பெற்றவர்களிடம் நோய் முற்றுவது மெதுவானது. ஆனால் அன்று அவர்களுக்குக் கூட்டு மருந்து கிடைக்கவில்லை. வேறு எதுவும் இல்லாத இடத்தில் வைட்டமின் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தந்தது, அவ்வளவுதான். அதே ஆய்வில் வைட்டமின் ஏ பெற்றவர்களிடம் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று பரவுவது அதிகரித்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். பின்னர் அதே தான்சானியாவில், கூட்டு மருந்து தொடங்கிய 3,418 பேருக்கு அதிக அளவு வைட்டமினும் வழக்கமான அளவும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அதிக அளவால் எந்தக் கூடுதல் நன்மையும் தெரியவில்லை. மாறாக, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதியின் அளவு கூடியது. ஆய்வையே முன்கூட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. 2012-இல் வெளியான முடிவு இது. சத்துக்குறைவுக்குச் சத்து கொடுப்பது வேறு, குறைவில்லாதவருக்கு அள்ளிக் கொடுப்பது வேறு என்பதை ஒரே நாட்டில் நடந்த இரண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன.

இந்த வேறுபாட்டைக் கலைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தென்னாப்பிரிக்கா பார்த்தது. மத்தியாஸ் ராத் என்ற ஜெர்மானிய மருத்துவர், கூட்டு மருந்து நஞ்சு, வைட்டமினே மருந்து என்ற பாணியில் விளம்பரம் செய்து, கேப் டவுனை ஒட்டிய கயெலிட்ஷா பகுதி மக்களிடம் தன் மாத்திரைகளைக் கொண்டுபோனார். அன்றைய சுகாதார அமைச்சர் மான்டோ ட்ஷபலாலா-ம்சிமாங் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் முன்னிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். ராத் நடத்திய சோதனைகள் சட்டவிரோதமானவை என்று கேப் உயர் நீதிமன்றம் 2008 ஜூனில் தீர்ப்பளித்தது. அரசு கூட்டு மருந்தைத் தாமதித்ததால் 2000-க்கும் 2005-க்கும் இடையில் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு மதிப்பிட்டார்கள். பூண்டு யாரையும் கொல்லவில்லை. மருந்து நிற்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்தியதுதான் கொன்றது.

சரி, வைரஸை விடுவோம். தசைக்காவது இந்தப் பொடிகள் வேண்டாமா? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1980-களில் உகாண்டாவில் இந்த நோய்க்கு மக்கள் வைத்த பெயரே 'ஒல்லி நோய்' என்ற பொருள் கொண்டது. எலும்பும் தோலுமாக உடம்பு உருகுவதுதான் கண்ணுக்குத் தெரிந்த முதல் அடையாளம். எய்ட்ஸில் இறந்தவர்களின் உடல் அளவீடுகளை 1989-இல் ஆராய்ந்த டொனால்டு காட்லரும் அவர் குழுவினரும், தசையும் உள்ளுறுப்புகளும் சேர்ந்த உயிரணுத் திரள் இயல்பில் ஏறத்தாழ 54 சதவீதமாகச் சுருங்கும் கட்டத்தில் மரணம் நேர்வதைக் கண்டார்கள். எந்தத் தொற்று வந்து கொன்றாலும், உடம்பு கரைந்த அளவே நாளைக் குறித்தது. அதனால்தான் டெஸ்டோஸ்டீரோன், நான்ட்ரோலோன், வளர்ச்சி ஹார்மோன் என விளையாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்கள் அந்த நாள்களில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு முறையான மருந்துகளாக வந்தன; வளர்ச்சி ஹார்மோனுக்கு அமெரிக்காவில் 1996-இல் இதற்கென்றே அனுமதி கிடைத்தது. ஓட்டப்பந்தய வீரர் ஒளித்துப் போட்டுக்கொண்ட ஊசியும் மரணப் படுக்கையில் இருந்தவருக்கு மருத்துவர் போட்ட ஊசியும் ஒன்றாக இருந்த காலம் அது. இன்று கூட்டு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களுக்கு அந்த உருகல் அரிது; எடை கூடுகிறது என்பதே பலருடைய புகார்.

அந்தக் காலத்து ஆய்வுகள் இன்றைக்கும் பயன்படும் ஒரு செய்தியை விட்டுச் சென்றிருக்கின்றன. எடை குறைந்து, டெஸ்டோஸ்டீரோனும் குறைவாக இருந்த 61 ஆண்களைக் கொண்டு ஷலேந்தர் பாசின் குழுவினர் நடத்திய ஆய்வு 2000-இல் வெளிவந்தது. ஹார்மோன் மட்டும், எடைப் பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாமல் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஹார்மோனும் பலன் தந்தது, பயிற்சியும் பலன் தந்தது. இரண்டையும் சேர்த்தபோது தனித்தனியாகக் கிடைத்ததைவிட அதிகம் கிடைக்கவில்லை. கிரியேட்டினையும் சோதித்தார்கள். தொற்றுள்ள 40 ஆண்களில் ஒரு பாதியினர் அதை எடுத்துக்கொண்டு பயிற்சி செய்தார்கள், மறு பாதியினர் போலிப் பொடியோடு அதே பயிற்சியைச் செய்தார்கள். 2009-இல் வந்த முடிவின்படி, பொடி எடுத்தவர்களின் உடல் திரள் சற்றுக் கூடியது. வலிமை மட்டும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் உயர்ந்தது. கிரியேட்டின் வீண் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. குறுகிய நேர, கடுமையான முயற்சிகளில் அது உதவும் என்பதற்கு விளையாட்டு மருத்துவத்தில் நல்ல சான்று உண்டு. ஆனால் இரண்டு ஆய்வுகளிலும் தவறாமல் வேலை செய்தது பளு தூக்கியதுதான்.

தொற்றுள்ளவர் ஜிம்முக்கு வருவதே மற்றவர்களுக்கு ஆபத்து என்ற பயம் இன்னும் சிலரிடம் இருப்பதால் அதையும் தொட்டுவிட வேண்டும். கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தனக்குத் தொற்று இருப்பதை 1991 நவம்பர் 7 அன்று அறிவித்தார். அடுத்த ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். சக வீரர்களின் அச்சம் காரணமாகவே அந்த ஆண்டு தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பும் முடிவைக் கைவிட்டார். வியர்வையால் எச்.ஐ.வி. பரவாது, எச்சிலால் பரவாது, தூக்கி வைத்த இரும்பால் பரவாது. ரத்தக்காயம் சகஜமான அமெரிக்கக் கால்பந்தில்கூட இந்த அபாயம் 8.5 கோடி மோதல்களுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று 1995-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். உண்மையான வழி வேறு: ஸ்டீராய்டு ஊசி. ஒரே ஊசியைப் பகிர்வதும், பலர் ஒரே மருந்துக் குப்பியில் ஊசியை விட்டு எடுப்பதும் ரத்தத்தை நேராக ரத்தத்தோடு சேர்க்கும் செயல்கள். உடல் அழகுக்கும் விளையாட்டுக்குமாக ஊசி போட்டுக்கொண்ட 395 ஆண்களை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சோதித்தபோது 1.5 சதவீதத்தினரிடம் எச்.ஐ.வி. இருந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஊசியே வேண்டாம், வாய்வழிப் பொடி போதும் என்பவரும் நிம்மதியாக இருக்க முடியாது. 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களை ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் சோதித்ததில் 94-இல், அதாவது 14.8 சதவீதத்தில், சீட்டில் குறிப்பிடாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் கலந்திருந்தன.

இயற்கையானது என்பதும் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. பூண்டுச் சாறு அடைத்த மாத்திரைகள், அன்று பயன்பாட்டில் இருந்த சாக்வினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் ரத்த அளவைப் பாதியாகக் குறைத்தன. மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் பயன்படும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை இன்டினாவிர் என்ற மருந்தை அதைவிடவும் அதிகமாகக் குறைத்தது. அந்த மூலிகை கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடுவதே காரணம். ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். இங்கே பேசுவது செறிவாக்கி அடைத்த மாத்திரையைப் பற்றி.

இனி நம் அலமாரிக்கு வருவோம். கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிர் செய்யும் வேலை, மேலே சொன்ன இன்டெக்ரேஸ் நொதியின் தையலைத் தடுப்பது. அந்த நொதியின் வேலைத்தலத்தில் இரண்டு மெக்னீசிய அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன; அவை இல்லாமல் நொதியால் டி.என்.ஏ.வைத் தைக்க முடியாது. டோலுடெக்ராவிர் மூலக்கூறின் ஒரு பக்கத்தில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. அந்த மூன்றும் சேர்ந்து நண்டுக் கொடுக்குபோல அந்த இரண்டு மெக்னீசியத்தையும் கவ்விக்கொள்ள, நொதி முடங்குகிறது. மருந்தின் திறமை முழுவதும் இந்தக் கவ்வலில்தான் இருக்கிறது. ஆனால் அது கவ்வுவது வைரஸின் மெக்னீசியமா, மாத்திரையாக விழுங்கிய மெக்னீசியமா என்று கொடுக்குக்குத் தெரியாது. வயிற்றிலும் குடலிலும் கால்சியம், இரும்பு, துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம் எது நிறைய எதிர்ப்பட்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் ரத்தத்தில் சேரும் டோலுடெக்ராவிர் 39 சதவீதம் குறைகிறது, இரும்புச்சத்து மாத்திரையோடு என்றால் 54 சதவீதம், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் திரவத்தோடு என்றால் 74 சதவீதம். துத்தநாகம்-மெக்னீசியம் மாத்திரையை வெறும் வயிற்றில், படுக்கப் போகுமுன் எடுக்கச் சொல்லியே விற்கிறார்கள். கூட்டு மருந்தையும் மறக்காமல் இருக்கப் படுக்கைநேரத்தில் போடுகிறவர் இரண்டையும் ஒரே மிடறு தண்ணீரில் விழுங்கிவிடுவார்.

டோலுடெக்ராவிர் மிகவும் தாக்குப்பிடிக்கும் மருந்து, தேவைக்கு மேல் பல மடங்கு ரத்தத்தில் இருக்கும், ஒருநாள் குறைந்தால் ஒன்றும் ஆகாது என்று மருத்துவம் தெரிந்தவர் சொல்லலாம். ஒருநாளைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. அந்தக் கூடுதல் இருப்பு, மறந்துபோன வேளைகளையும் வாந்தி பேதி வந்த நாள்களையும் தாங்குவதற்காக இருப்பது. அதை ஒவ்வோர் இரவும் சத்து மாத்திரைக்குச் செலவழித்துவிட்டால், உண்மையாகவே ஒருநாள் தவறும்போது தாங்குவதற்கு மிச்சம் இருக்காது. மற்ற இரண்டு மருந்துகளுக்கு ஏற்கெனவே பணியாத வைரஸ் உள்ளவருக்கு இந்த ஒரு மருந்துதான் பெரும்பாரத்தைச் சுமக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. தீர்வு எளிதாக இருக்கும்போது இந்த ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? கூட்டு மருந்தைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ, அல்லது அதற்கு ஆறு மணி நேரம் முன்போ இந்தக் கனிமச் சத்துகளை எடுத்தால் மோதல் இல்லை. கால்சியமும் இரும்பும் என்றால், வயிறார உண்ணும் சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம்; உணவு இருக்கும்போது அந்தக் குறைவு ஏற்படுவதில்லை. ஆன்டாசிட்டுக்கும் மெக்னீசியத்துக்கும் இடைவெளியே பாதுகாப்பு. சாப்பாட்டோடு குடிக்கும் மோருக்கும் பாலுக்கும் தடை ஏதுமில்லை. புரோட்டீன் மாவில் கனிமங்கள் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்களா என்று சீட்டைப் படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கிரியேட்டினின் சிக்கல் வேறு வகை. அது மருந்தைத் தொடுவதில்லை. பரிசோதனைச் சீட்டைத் தொடுகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1832-இல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த இந்தப் பொருள் நம் தசைகளில் எப்போதும் இருக்கிறது. அதில் நாள்தோறும் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை தானாகவே கிரியாட்டினினாக மாறி, ரத்தம் வழியாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் கெட்டால் கிரியாட்டினின் ரத்தத்தில் தேங்கும். அதனால்தான் அதை அளந்து சிறுநீரகத்தை மதிப்பிடுகிறார்கள். கூட்டு மருந்து எடுப்பவருக்கு இந்த எண் மிகவும் முக்கியம், ஏனென்றால் டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரக நுண்குழாய்களை உண்மையாகவே பாதிக்கக்கூடியது. ஆனால் அந்த எண்ணை உயர்த்த இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். சிறுநீரகம் கிரியாட்டினினின் ஒரு பகுதியை வடிகட்டாமல் நேரடியாகச் சுரந்து தள்ளும். டோலுடெக்ராவிர் அந்த வாசலை மட்டும் ஓரளவு அடைப்பதால், வடிகட்டும் திறன் சற்றும் குறையாமலே எண் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.15 மில்லிகிராம் வரை உயரும். தினமும் 5 கிராம் கிரியேட்டின் பொடி சாப்பிடுபவருக்கோ கிரியாட்டினினாக மாறுவதற்கான மூலப்பொருளே அதிகம். பயிற்சியால் தசையும் கூடியிருக்கும். ஒரே எண், மூன்று காரணங்கள். ஒன்று மட்டுமே ஆபத்து.

பொடி பற்றி மருத்துவருக்குத் தெரியாவிட்டால், அவர் அந்த உயர்வை டெனோஃபோவிரின் கேடு என்று எடுத்துக்கொண்டு மருந்தை மாற்ற நேரிடலாம். ஹெபடைடிஸ்-பி தொற்றும் உள்ளவருக்கு அந்த மாற்றம் சிறிய விஷயம் இல்லை. டெனோஃபோவிர் அந்த வைரஸையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்கிறது. அதை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி வெடித்துக் கிளம்பக்கூடும். நாலு வார்த்தை சொல்லாமல் விட்ட ஒரு டப்பாவிலிருந்து தொடங்கும் விளைவு இது. சொல்லிவிட்டால் வழிகள் இருக்கின்றன. சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் போகிறதா என்று பார்க்கலாம். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை போனால் நுண்குழாய் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். தசையின் அளவைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின்-சி பரிசோதனை செய்யலாம். அதற்கும் வசதி இல்லாத இடத்தில் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு: பொடியை நிறுத்திவிட்டு நான்கு முதல் ஆறு வாரம் பொறுப்பது. தசையில் சேர்ந்திருந்த கூடுதல் கிரியேட்டின் அதற்குள் வடிந்துவிடும். பழைய சீட்டில் டோலுடெக்ராவிர் தொடங்கிய மாதத்தில் ஏறிய 0.1 தவிர வேறு உயர்வு மிஞ்சவில்லை என்றால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, டெனோஃபோவிர் தொடரலாம்.